போன ஆட்சியின் கணக்கு: வீண்செலவுக்குப் பொறுப்புக்கூறல் பற்றி வலப்பனையிலிருந்து ஒரு விசாரணை

1. இரண்டு தொகைகள்

2025 மே 29ஆம் திகதி கொழும்பு நிரந்தர மேல் நீதிமன்ற நீதாயம் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 ஆண்டுகளும், லங்கா சதொச நிறுவனத்தின் முன்னாள் தலைவர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு 14,000 கெரம் போர்ட்டுகளும் 11,000 தாம் போர்ட்டுகளும் அரச பணத்தில் வாங்கப்பட்டு விளையாட்டுக் கழகங்களுக்குப் பங்கிடப்பட்டன என்பது வழக்கு. அரசுக்கு ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 53 மில்லியன் ரூபா.

மஹிந்த ராஜபக்ஷவின் அதே ஆட்சியில், 2013 மார்ச்சில், மத்தல விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டது. செலவு 209 மில்லியன் அமெரிக்க டொலர். அதில் 190 மில்லியன் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் வருவார்கள் என்ற கணக்கில் கட்டப்பட்ட அந்த நிலையத்துக்குச் சில ஆண்டுகளிலேயே விமானம் வருவது அரிதாகி, அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கப்பட்டது. அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்தால் எழும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். பதவியிழந்த ஓர் அரசாங்கத்திடம் அதன் வீண்செலவுக்குக் கணக்குக் கேட்கும்போது இலங்கையின் சட்டமும் அரசியலும் எதைப் பிடிக்கின்றன, எதைத் தப்பவிடுகின்றன? தப்பிப்போனதன் சுமை வலப்பனை போன்ற ஒரு மலையகப் பிரதேசத்தில் யார் தலையில் இறங்குகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சி மாறியதும் தொடங்கும் கணக்குக்கேட்பு, ஆட்சி மறுபடி மாறும்போது நின்றுவிடுகிறது. அரசாங்கம் பதவியில் இருக்கும்போதே, கோப்புகள் மேசையில் இருக்கும்போதே செலவைக் கேட்கிற ஏற்பாடு வலுப்பெறாதவரை, நீதிமன்றத்தின் கைக்கு எட்டுவது கெரம் போர்ட் மட்டும்தான்.

2. வலப்பனைக்குப் பழகிய கேள்வி

அரசின் பணக்கணக்குக்கும் சாதாரண மக்களின் வயிற்றுக்கும் உள்ள தொடர்பை இலங்கையில் முதன்முதலாகப் பெரிய வழக்காக்கிய இடங்களில் வலப்பனையும் ஒன்று. 1880களில் நெல் வரியைக் கட்ட முடியாத இப்பகுதிச் சிங்களக் கிராமத்தவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வயலை இழந்தவர்கள் பட்டினியால் இறந்தார்கள் என்பதை நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரே எழுதி வைத்தார். செய்தி இலண்டன் வரை போனது. கொப்டன் சங்கம் அதைக் கையில் எடுத்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் தமது நிர்வாகத்தைத் தற்காத்து வாதாடினார். அவர் 1890இல் பதவி முடிந்து போனபின், அடுத்து வந்த ஹெவ்லொக்கின் காலத்தில், 1892இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது.

இதே ஆண்டுகளில்தான் அரசு மலைநாட்டு ரயில் பாதையை 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் நீட்டியது. தேயிலை இறங்குவதற்கான பாதை அது. கிராமத்தவர் வரிக்காக வயலைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பொதுப்பணம் எந்தப் பக்கம் ஓடியது என்பதை இந்த இரண்டு ஆண்டெண்களே காட்டுகின்றன. புதிய ஆளுநர் பழைய கொள்கையைக் கைவிட்டார். பழைய ஆளுநரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. கோர்டன் 1893இல் ஸ்டான்மோர் பிரபு ஆனார். கொள்கையைத் திருத்துவதும் கொள்கைக்குப் பொறுப்பேற்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு வலப்பனை வயல்களே பழைய சாட்சி.

அந்த வயல்களுக்கு மேலே, உடப்புசல்லாவை, இராகலைப் பக்கத்து மலைகளில் அப்போது தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. அங்கே குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் கீழே இருந்த சிங்கள விவசாயியும் ஒரே அரசின் வரவு செலவுக்குள் இருந்தார்கள். இந்த உண்மை இரு தரப்பு அரசியலிலும் அதிகம் பேசப்படுவதில்லை.

3. வாக்காளரின் தீர்ப்பு போதுமா

வீண்செலவுக்குத் தண்டனை தருவது வாக்காளர் வேலை, நீதிமன்றத்தின் வேலையல்ல என்றொரு கருத்து உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விமான நிலையம் கட்டுவதும் வரியைக் குறைப்பதும் கொள்கை முடிவுகள். தவறிப்போன ஒவ்வொரு கொள்கையையும் குற்றமாக்கினால் எந்த அமைச்சரும் எந்தக் கோப்பிலும் ஒப்பமிடமாட்டார். இந்த வாதத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டே அதன் குறையைப் பார்க்க வேண்டும். வாக்காளரின் தண்டனை கடுமையானது. ஆனால் அது நீடிப்பதில்லை. 1977இல் 168 ஆசனங்கள் கொண்ட சபையில் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கட்சிக்கு எட்டு ஆசனங்களே மிஞ்சின. 2015இல் தோற்ற ராஜபக்ஷ தரப்பு, 2019இல் ஜனாதிபதிப் பதவியையும் 2020 ஓகஸ்ட்டில் 145 ஆசனங்களையும் பெற்றுத் திரும்பியது. 2024 நவம்பரில் அதே கட்சி மூன்று ஆசனங்களுக்குச் சுருங்கியது. வாக்குப்பெட்டி ஆளை மாற்றுகிறது. போன பணத்தை அது திருப்பித் தருவதில்லை. பணம் எப்படிப் போனது என்பதையும் அது சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான கருத்து, போனவர்களைப் புதியவர்கள் விசாரித்தே ஆக வேண்டும் என்பது. இலங்கையில் இதற்கு மிகப் பெரிய முன்னுதாரணம் 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம். ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் அமைத்த அந்த ஆணைக்குழுவின் முடிவின் பேரில் 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அவருடைய அமைச்சரவையில் இருந்த ஃபீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் அதுவே நேர்ந்தது. ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நிற்கக்கூடிய மிக வலுவான ஆள் களத்திலிருந்து அகற்றப்பட்டார் என்றுதான் வரலாறு அதை நினைவில் வைத்திருக்கிறது.

மலையகத்தார் அந்த விசாரணையை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1970-77 ஆட்சியில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் அதைச் செய்தது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மாவும் அரிசியும் குறைந்து, லயத்துப் பிள்ளைகள் காட்டுக் கிழங்கைத் தேடித் திரிந்த காலம் என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஓர் அரசாங்கத்தை அதன் செயலுக்குப் பொறுப்புக்கூற வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன? ஆனால் 1980இன் தண்டனைக்கு அடிப்படையானவை அதிகாரத் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுகள். தோட்டத்துச் சாவுகள் அல்ல. விசாரிப்பவர் எதை விசாரிக்கிறார் என்பதை, யார் பாதிக்கப்பட்டார் என்பதைவிட யார் எதிரி என்பதே தீர்மானித்தது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். 2010 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் திறக்கப்பட்ட தி.மு.க. அரசின் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடத்தை 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு பயன்படுத்த மறுத்தது. அது பின்னர் மருத்துவமனையானது. கட்டுமானத்தில் முறைகேடு உண்டா என்று பார்க்க அமைக்கப்பட்ட நீதிபதி ரெகுபதி ஆணையம் ஆண்டுக்கணக்கில் அரச பணத்தில் நீடித்து, உயர் நீதிமன்றத்தின் கண்டனத்துக்குப் பிறகு 2018இல் முடிவுக்கு வந்தது. வீண்செலவை விசாரிக்கப் போய் அந்த விசாரணையே வீண்செலவானது.

4. 2015 முதல் 2020 வரை: போய்த் திரும்பிய சக்கரம்

2015 ஜனவரியில் ஆட்சி மாறியவுடன் நிதிக் குற்றப் புலனாய்வுப் பிரிவு உருவானது. பாரிய மோசடிகளை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் கொண்டுவந்தது. 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டம் நிறைவேறியது. காகிதத்தில் பார்த்தால் இலங்கை அதுவரை காணாத ஏற்பாடு.

அந்தக் காலத்தின் முதன்மையான தீர்ப்பு சில் துணி வழக்கில் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாவை எடுத்து, 2015 தேர்தல் காலத்தில் விகாரைகளில் சில் அனுட்டிப்போருக்குத் துணி பங்கிட்டதாக அன்றைய ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்கவும் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம் அனுஷ பெல்பிட்டவும் 2017 செப்டெம்பரில் மூன்றாண்டு கடூழியச் சிறைத்தண்டனை பெற்றனர். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைச் சட்டக் காரணங்களோடு படிக்க வேண்டும். ஆட்சி மாற்றத்தோடு மட்டும் முடிச்சுப்போடுவது நீதிமன்றத்துக்குச் செய்யும் அநீதி.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தவற்றுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானதும், மெதமுலனையில் அவருடைய தந்தைக்கு அரச பணத்தில் நினைவகம் கட்டியது தொடர்பான வழக்கிலிருந்து அவர் பதவிச் சிறப்புரிமையின் பேரில் விடுவிக்கப்பட்டார். 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல்களை விசாரிக்கும் ஆணைக்குழு ஓய்வுபெற்ற நீதியரசர் உபாலி அபேரத்ன தலைமையில் அமைந்து, முந்தைய ஆட்சிக்கால வழக்குகளையும் விசாரணைகளையும் கைவிடும்படி பரிந்துரைத்தது. ஆணையாளர்கள் மூவரினதும் எழுத்துமூல அனுமதி இல்லை என்ற நுட்பக் காரணத்தைக் காட்டி இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தான் தொடுத்த பல வழக்குகளைத் தானே மீளப் பெற்றுக்கொண்டது. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தம் பெறுகை ஆணைக்குழுவையும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் ஒழித்தது. அவை மீள வந்தது 2022 ஒக்டோபரில், 21ஆவது திருத்தத்தோடு. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில்தான் நாடு வங்குரோத்தானது.

கெரம் போர்ட் வழக்கு இந்த அலையையெல்லாம் தாண்டி, 2014இல் நடந்த கொள்வனவுக்கு 2025இல் தீர்ப்புப் பெற்றது. அது நீதித்துறையின் நிதானத்தைக் காட்டுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாண்டுக்கு மேல் இழுபட்ட வழக்கு, நடுவில் இன்னொரு ஆட்சி வந்து போகும்வரை தாக்குப்பிடித்தது என்பதே அதன் சிறப்பு. தாக்குப்பிடிக்காதவை எத்தனை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

5. குற்றமா, கொள்கையா

தேர்தல் பரிசுப் பொருட்கள் சட்டத்தின் பிடிக்குள் வருகின்றன. காரணம் எளிது. வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு உண்டு. எந்த நிதியிலிருந்து எடுத்தார்கள் என்பது தெரியும். யாருக்குப் பலன் என்பது தேர்தல் திகதியிலேயே எழுதியிருக்கிறது. மத்தல போன்றவை அமைச்சரவைப் பத்திரம், கடன் ஒப்பந்தம், நிபுணர் அறிக்கை என்ற அடுக்குகளுக்குள் இருப்பதால் தனிமனிதரின் கெட்ட எண்ணத்தை அங்கே நிறுவுவது கடினம். குற்றவியல் சட்டம் நோக்கத்தைத் தேடுகிறது. வீண்செலவின் பெரும்பகுதியோ அலட்சியத்தால், பிடிவாதத்தால், எச்சரித்தவரைக் கேளாமையால் நிகழ்கிறது.

இந்த இடைவெளியில்தான் 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முக்கியமாகிறது. ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் ஸ்ரீ லங்காவும் வேறு சிலரும் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களில், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் ஆகியோரும் பி. பி. ஜயசுந்தர, எஸ். ஆர். ஆட்டிகல போன்ற உயரதிகாரிகளும் பொதுநம்பிக்கையை மீறினார்கள், அதன்மூலம் மக்களின் சமத்துவ உரிமையை மீறினார்கள் என்று நால்வர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக்கியது, சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது, கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைச் செலுத்தியது ஆகியவை அதில் ஆராயப்பட்டன. தவறான கொள்கை என்பதற்காக அல்ல. எச்சரிக்கை கையில் இருந்தும் செயற்படாமைக்காக அவர்கள் பொறுப்பாக்கப்பட்டார்கள். கொள்கைச் சுதந்திரத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியும் என்று இந்நாட்டு நீதிமன்றம் காட்டிய இடம் அது.

அதன் குறையும் அதே அளவுக்குப் பெரியது. எவருக்கும் தண்டனை இல்லை, இழப்பீடும் இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. கொழும்பில் சட்டத்தரணியை வைத்திருப்பவருக்கே இது கடினமான காலக்கெடு. ஹைபொரஸ்ட் தோட்டத்திலோ புரூக்சைட் தோட்டத்திலோ கொழுந்து பறிப்பவர் அந்த ஒரு மாதத்தில் என்ன செய்வார்?

மலையகத்தை நேராகத் தாக்கிய கொள்கை ஒன்றை இங்கே கிட்டத்தில் பார்ப்போம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. உரத்துக்குப் பதிலாகச் சேதன உரம் என்று சீனாவின் சிங்தாவோ சீவின் நிறுவனத்திடம் அரச உரக் கம்பனிகள் கொள்வனவுக்குப் போயின. ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் வந்த சரக்கின் மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுகாப்புச் சேவை சொன்னது. சரக்கு இறங்கவில்லை. நவம்பரில் தடையே நீங்கியது. 2022 ஜனவரியில் மக்கள் வங்கி அந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 7 மில்லியன் டொலரைச் செலுத்தியது. நாட்டில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத மாதம் அது.

2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. இந்த எண்ணைத் தோட்டத்தில் வைத்துப் படித்தால் அதன் பொருள் வேறு. உரம் காணாத செடி தளிர்விடவில்லை. பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போன பெண், மாலை நிறுவையில் நிர்ணயித்த கிலோவுக்குக் குறைவாகக் கொழுந்து போட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போக எஞ்சியதே கணக்கில் ஏறும். ஒரு கிலோ குறைந்தாலும் அதன் பொறுப்பு அவள் கூலியில் அன்று மாலையே விழுகிறது. துறைமுகத்தில் இறங்காத உரத்துக்குப் போன ஏறத்தாழ 7 மில்லியன் டொலருக்கு இலங்கையில் யாருக்கும் அரைப் பேர் விழவில்லை.

6. தோட்டத்தில் கணக்கு யாரிடம்

தேசிய மட்டத்துக் கதை இது. வலப்பனையில் இன்னொரு சிக்கல் உண்டு: தோட்டத்துக்கென ஒதுக்கப்படும் பணத்தின் கணக்கை எந்த வாசலில் போய்க் கேட்பது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடை என்றே நீண்ட காலம் வாசிக்கப்பட்டது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் தன் லயத்துப் பாதைக்குச் சபைப் பணத்தில் ஒரு கல் போட முடியாது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தோட்ட அபிவிருத்திக்கான பணம் பிரதேச சபையின் வழியாக அல்லாமல், அமைச்சுகள், பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, இந்திய உதவி, ‘ட்ரஸ்ட்’ என்று மக்கள் அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆகியவற்றின் வழியாகவே வந்தது. ட்ரஸ்ட்டில் அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்காளிகள். மூவருக்கும் பொதுவான காரியத்துக்கு ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்க முடியாது என்பதே நடைமுறை அனுபவம்.

இதன் விளைவை இராகலையிலிருந்து தோட்டங்களுக்குள் இறங்கும் பாதைகளில் காணலாம். நூறு, இருநூறு மீற்றர் கொங்கிறீட். பிறகு கல்லும் சேறும். அப்புறம் இன்னொரு துண்டுக் கொங்கிறீட், இன்னொரு ஆண்டுத் திகதியோடு. தொடக்கத்தில் நிற்கும் பலகையில் அமைச்சரின் பெயரும் படமும் பெரிதாக இருக்கும். தொகையும் ஒப்பந்தக்காரரின் பெயரும் இருந்தால் அது அபூர்வம். ஆட்சி மாறினால் பலகையின் மேல் புதிய சுவரொட்டி ஏறும். மிஞ்சிய துண்டுப் பாதை அடுத்த அமைச்சரின் நிதிக்காகக் காத்திருக்கும். முன்னவர் தொடங்கியதைப் பின்னவர் முடித்தால் பெயர் யாருக்கு என்பது அவர்களுடைய கவலை. அரைகுறையாய் நிற்கும் வேலையும் வீண்செலவுதான் என்று எந்த ஆணைக்குழுவும் சொன்னதில்லை.

தேர்தல் காலத்துத் தகரமும் கதிரையும் கோயிலுக்குப் பாத்திரமும் இதே வகை. கெரம் போர்ட் குற்றமென்றால், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன் அரச பணத்தில் லயத்துக்கு வந்திறங்கும் கூரைத் தகரமும் அதே கேள்விக்கு உட்பட்டதே. இதைச் சொல்லும்போது, ஒழுகும் கூரைக்குக் கீழே இருப்பவர் தகரத்தை மறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கேட்க வேண்டியது வாங்கியவரிடமல்ல, கொடுத்தவரிடம்: இது எந்த நிதி, ஏன் இந்த மாதம், ஏன் உங்கள் சங்கத்துச் சந்தாக்காரருக்கு மட்டும்?

தொழிற்சங்கமும் அரசியல் கட்சியும் அமைச்சும் ஒரே கையில் இருப்பது மலையகத்தின் தனித்தன்மை. எதிர்க்கட்சி வேலையைச் செய்ய வேண்டிய சங்கம், தன் தலைவர் அமைச்சரவையில் இருக்கும்போது கணக்குக் கேட்பதில்லை. தலைவர் பதவியிழந்த பிறகு போட்டிச் சங்கம் கேட்கிறது. கொழும்பில் சுழலும் அதே சக்கரம் இங்கே இன்னும் சிறிய வட்டத்தில் சுழல்கிறது. இந்த விமர்சனம் எந்த ஒரு சங்கத்துக்கும் தனியாக உரியதல்ல. 1978 முதல் மாறி மாறி வந்த பல அமைச்சரவைகளில் மலையகப் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். அந்த அமைச்சரவைகளின் முடிவுகளுக்கும் அவர்கள் கூட்டாகப் பொறுப்பு.

உள்ளூராட்சி மட்டத்தில் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்று சொல்லித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து புதிய சபைகள் கூடும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், வலப்பனை உட்பட நாட்டின் பெரும்பாலான பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். அந்த ஒத்திவைப்பு மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போன சபையிடம் கணக்குக் கேட்கும் வாய்ப்பே வாக்காளரிடமிருந்து பறிக்கப்பட்ட காலம் அது.

7. இன்றைய ஆட்சியும் நாளைக்குப் போன ஆட்சிதான்

2024 செப்டெம்பரில் வந்த ஆட்சி முந்தைய ஆட்சிகளின் செலவை முழுமூச்சாகக் கேட்கிறது. முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, 2023இல் இங்கிலாந்தில் ஒரு தனிப்பட்ட நிகழ்வுக்குச் சென்றபோது 16.6 மில்லியன் ரூபா அரச பணத்தைச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டில் 2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி கைதானார். நான்கு நாளில் பிணை கிடைத்தது. குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார், முடிவு நீதிமன்றத்துக்குரியது. 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் வீடு, வாகனம் முதலிய உரித்துகள் சட்டத்தால் நீக்கப்பட்டன. மக்கள் இவற்றை வரவேற்றது நியாயமே. ஆனால் முன்னாள் ஜனாதிபதியின் வீட்டைத் திருப்பி வாங்குவது செலவுக் குறைப்பு, பொறுப்புக்கூறல் வேறு.

இந்த ஆட்சியை அளக்க வேண்டிய அளவுகோல், அது தன்னைக் கணக்காய்வுக்குத் திறந்துவைக்கிறதா என்பதுதான். அங்கே படம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்றபின் நிரந்தர நியமனம் இன்றிப் பல மாதங்கள் கழிந்தன. 1799 முதல் தொடர்ந்துவரும் பதவி அது. பொதுக் கணக்குகள் பற்றிய குழு 1921 முதலும் பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு 1979 முதலும் பாராளுமன்றத்தில் இருக்கின்றன. இவை எல்லாம் நம்பி நிற்பது கணக்காய்வாளரின் அறிக்கையை.

2018இல் நிறைவேறிய தேசிய கணக்காய்வுச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மோசடியாலும் கவனயீனத்தாலும் ஏற்பட்ட நட்டத்தை அதற்குக் காரணமானவரிடமே அறவிடும் அதிகாரத்தை அது கணக்காய்வாளரிடம் கொடுக்காமல் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தரிடம், அதாவது பெரும்பாலும் அந்தந்த அமைச்சின் செயலாளரிடம் கொடுத்தது. அமைச்சர் சொல்லிச் செய்த காரியத்துக்குச் செயலாளர் யாரிடம் அறவிடுவார்? ஆனால் பிரதேச சபைகளைப் பொறுத்தவரை, சட்டத்துக்கு மாறான செலவை மறுத்து, அதை அனுமதித்தவரிடம் அறவிடும் அதிகாரம் பழைய சட்டத்திலேயே கணக்காய்வாளர் நாயகத்துக்கு உண்டு. ஒரு சபை உறுப்பினரை அவருடைய சொந்தப் பணத்துக்குப் பொறுப்பாக்கும் சட்டம், ஓர் அமைச்சரை அவ்வாறு ஆக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் ஒன்றையும் நான் இதுவரை வாசித்ததில்லை.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தோடு 200 ரூபா வரவு ஊக்குவிப்புத் தொகையை அரசே திறைசேரியிலிருந்து தரும் என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகளின் தொழிலாளருக்குப் பொதுப்பணம் போகிறது. தொழிலாளிக்கு அது தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பணம் எந்தத் தோட்டத்தில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்குப் போனது என்பதைத் தோட்டவாரியாக வெளியிட வேண்டும். கேட்க வேண்டிய நேரம் இப்போது. 2029இலோ 2030இலோ இன்னொரு ஆணைக்குழு வந்து கேட்பதற்கு இதை விட்டுவைக்கக் கூடாது.

அதற்கு வழி கொழும்பில் மட்டும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வலப்பனைப் பிரதேச சபையின் வரவுசெலவுத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். உங்கள் தோட்டத்துப் பாதையில் போட்ட கொங்கிறீட்டுக்கு மதிப்பீடு என்ன, கொடுத்த தொகை என்ன, ஒப்பந்தக்காரர் யார், வேலை முடிந்ததெனச் சான்றளித்த அதிகாரி யார் என்ற நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, சங்கப் பேதம் பாராமல் பத்துப் பேர் ஒப்பமிட்டு, சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் இந்த மாதமே கொடுங்கள். இன்றைய சபைத் தலைவர் பதவியில் இருக்கும்போதே கொடுங்கள்.